மாமனார் கிணற்றில் ஆயிரத்தைந்நூறு மீட்டர்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய சமயம். அதைக் கொண்டாட ஊரில் பலவிதப் போட்டிகள் வைத்தார்கள். சைக்கிள் பந்தயம், கயிறு இழுத்தல், கூடவே கடலில் ஒரு நீச்சல் பந்தயம். வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் இறங்கி, புயலில் போன கடல் பாலத்தின் இரும்புத் தூண்கள் வரை நீந்த வேண்டும்.

நான் அப்போது பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தேன். வீடு முதலியார்பேட்டை. ஷிப்டு முடிந்தால் உடம்பெல்லாம் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்கும். கடலில் விழுந்து, கை ஓயும்வரை நீந்திவிட்டு வீட்டுக்குப் போவேன். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

பந்தயத்தில் மீனவர்கள் யாரும் சேரவில்லை. துணைக்குக் கட்டுமரம் ஓட்டி வந்தவர்களில் ஒருவர் என்னிடம், "கட்டுமரம் கவுந்தா நீந்துவோம். சும்மா எதுக்கு நீந்தணும்?" என்று கேட்டார். தொடக்கத்தில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வேகமாகப் போனார்கள். பாதியில் ஒவ்வொருவராகக் கட்டுமரத்தில் ஏறிக்கொண்டார்கள். நான் என் பாட்டுக்குக் கை போட்டுக்கொண்டே போய்த் தூண்களைத் தொட்டேன். பரிசாக ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு கொடுத்தார்கள்.

பந்தயத்தை நடத்தியவர்களில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெட்ராஸில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் போட்டி நடக்கிறது, அழைத்துப் போகிறேன் என்றார். எனக்கு நீச்சல் தெரியுமே தவிர ஸ்டைல் ஒன்றும் தெரியாது என்றேன். "வேகமா போறவன் எல்லா ஊர்லயும் இருக்கான். நீ நிக்காம போற. அது போதும்" என்றார்.

அது போதவில்லை. விழுப்புரத்தில் ரயில் மாறி மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோதுதான் நீச்சல் குளம் என்ற ஒன்றை நான் முதன்முதலாகப் பார்த்தேன். தண்ணீரில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அடித்தரை கண்ணாடி போலத் தெரிந்தது. கடலில் தரை தெரிந்தால் கரை வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே குனிந்தபோதெல்லாம் தரை தெரிய, எழுந்து நின்றுவிடலாமா என்றே தோன்றியது. அதைவிடப் பெரிய சங்கடம் சுவர். கடலில் சுவர் ஏது? முதல் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அடுத்ததிலிருந்து பயந்துபோய், சுவரைப் பிடித்து நின்று, நிதானமாகத் திரும்பிப் புறப்பட்டேன். மற்றவர்கள் சுவரைத் தொட்டதும் புரண்டு உதைத்து அம்பாகப் போனார்கள்.

எத்தனை முறை போய் வந்தேன் என்ற கணக்கும் விட்டுப்போயிற்று. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்களாம். அது என் காதில் விழவேயில்லை. ஒருவர் மூங்கில் கழியால் முதுகைத் தொட்டபோதுதான் தலையைத் தூக்கினேன். எல்லாரும் துவட்டிக்கொண்டு சட்டை போட்டிருந்தார்கள். என் போட்டி முடிந்தும் நான் இரண்டு முறை கூடுதலாகப் போய் வந்திருக்கிறேன். கடைசியாக வந்தவனுக்கு அப்படி ஒரு கைதட்டல் அந்தக் குளத்தில் கிடைத்திருக்காது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் பாகூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். மறுவீட்டுக்குப் போனபோது மாமனாரின் வயல்கிணற்றைப் பார்த்தேன். பெரிய சதுரக் கிணறு, நாலு பக்கமும் கருங்கல் கட்டு. பத்துக் கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். சுவரில் திரும்பிப் பழக, விடிந்ததும் இறங்கிவிட்டேன். போவதும் வருவதுமாக வெயில் ஏறும்வரை அதே வேலை. கிணற்றைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. மாமியார் என் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு, "மாப்ள அங்கயும் இப்படித்தானா?" என்று கவலையோடு கேட்டிருக்கிறார். "அங்க கெணறு சின்னதும்மா" என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

மாமனாரும் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒங்களுக்காக எறைக்காம வச்சிருக்கேன் மாப்ள. நாத்து வாடுது. கொஞ்சம் சீக்கிரம் கத்துக்குங்க."

கற்றுக்கொள்ள உதவியவள் என் மனைவி. அண்ணன் தம்பிகளோடு அந்தக் கிணற்றில் குதித்தே வளர்ந்தவள் அவள். "சுவத்துல கைய வச்சுகிட்டு யோசிக்கிறீங்க. தொட்டவுடனே முட்டிய மடக்கிப் பொரண்டு ஒதைங்க" என்றாள். எனக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் வயலில் ஆள் இல்லாத நேரத்தில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளே குதித்துச் செய்து காட்டினாள். அவள் உதைத்த உதையில் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கும் வந்துவிட்டது. மறுநாள் மாமனார் நிம்மதியாகத் தண்ணீர் இறைத்தார்.

அந்த வருஷம் மெட்ராஸுக்கு அவளும் வந்தாள். கணக்குப் பார்க்கும் வேலை அவளுடையது. கடைசிச் சுற்று வந்ததும் சிவப்புத் துணியை ஆட்டுவதாக ஏற்பாடு. சொல்தா மறுகரையில் நின்று, ஆரம்பத்திலேயே நான் வேகம் எடுத்துவிடக் கூடாதென்று "தூஸ்மான், தூஸ்மான்" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாக என்று அர்த்தம். சுவர்கள் வந்தன, தொட்டேன், புரண்டேன், உதைத்தேன். பாதிக்கு மேல் மற்றவர்களின் கால்கள் என் பக்கத்தில் வர ஆரம்பித்தன. ஒவ்வொருவரையும் தாண்டும்போது உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. சிவப்புத் துணி ஆடியபோது எனக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஒரு கை தூரத்தில் இரண்டாவதாக வந்தேன்.

முதலாவதாக வந்த காலேஜ் மாணவர் கைகுலுக்கி, எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா கெணத்துல."

அவர் கிண்டல் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் மெரினாவுக்குப் போனோம். எங்கள் ஊர்க் கரையில் மணல் கொஞ்சம்தான். இவ்வளவு மணலை அவள் பார்த்ததில்லை. கால் நனைக்கலாம் என்று போனவள் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். விசில் ஊதிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து எங்களை வெளியே வரச் சொன்னார். என்னைப் பார்த்துவிட்டு அவளிடம், "வீட்டுக்காரர ஆழத்துக்கு விடாதம்மா, பாத்தாலே நீச்சல் தெரியாத ஆளாத் தெரியுது" என்றார். அவள் தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

அதன்பிறகும் சில வருஷங்கள் போட்டிகளுக்குப் போனேன். ஒரு தடவை முதலாவதாகக்கூட வந்தேன். அறுபத்திரண்டில் வலது தோள் பிடித்துக்கொண்டது. வைத்தியர் போட்டியை நிறுத்தச் சொன்னார், தண்ணீரை விடச் சொல்லவில்லை. அதற்குள் எங்கள் மகளுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருமாகப் பாகூர்ப் பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பித்தோம்.