முதல் துடுப்புக்காரனுக்கு முகம் தெரியாது

1. ஒரே ஒரு கேசட்

கொடைக்கானல் ஏரியில் இருபத்தாறு வருஷம் படகு ஓட்டியவன் நான். இப்போது படகுத் துறையில் வேலைக்குச் சேர்கிற தம்பிகள், நாலு பேர் துடுப்புப் போடும் படகில் கடைசிப் பலகையில் உட்காருகிறவன் ஒவ்வொரு துடுப்புக்கும் எதற்காக வாய்விட்டு எண்ணிக்கொண்டே வர வேண்டும், தொண்டை வறளுகிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்த விதியைப் போட்டவன் நான்தான். ஏன் போட்டேன் என்று எழுதிவைக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

எண்பதுகளில் நடந்தது. மூடுபனி இறங்கினால் படகு விடக்கூடாது. அந்த நேரங்களில் இரண்டு படகின் எட்டுப் படகோட்டிகளும் பக்கத்து லாட்ஜின் டி.வி. ரூமில் போய் உட்காருவோம். அங்கே ஒரு சிங்கப்பூர் வீடியோ டெக் இருந்தது. ஜப்பான்காரர் ஒருவர் அறையில் விட்டுப்போன கேசட் ஒன்றும் இருந்தது. கார்ட்டூன். நாலு பேர் துடுப்புப் போடும் படகுப் பந்தயம்தான் கதை. கலர் வராது. பாஷை சுத்தமாகப் புரியாது. ஆனாலும் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்போம்.

அதில் என்ன மயக்கம் என்றால், முகம். துடுப்பு ஒரு தடவை தண்ணீரில் விழுவதற்குள் நாலு பேர் முகத்தையும் தனித்தனியே காட்டுவான். ஒருவன் பல்லைக் கடிப்பான், ஒருவனுக்கு அம்மா ஞாபகம் வரும், ஒருவன் கண் சொருகும். எங்கள் படகில் எதிரே உட்கார்ந்து வருகிற டூரிஸ்ட்கூட எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், ஏரியைத்தான் பார்ப்பார். நாம் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற சோலியை எவனோ ஒருவன் இவ்வளவு உற்றுப் பார்த்து வரைந்திருக்கிறானே என்று மறுபடியும் கேசட்டைப் போடச் சொல்வேன்.

குறையும் தெரியாமல் இல்லை. மூன்று நிமிஷப் பந்தயத்தை முக்கால் மணி நேரம் இழுப்பான். மூச்சு முட்டத் துடுப்புப் போடுகிறவன் பக்கம் பக்கமாக வசனம் பேசுவான். அடுத்த படகின் முதல் துடுப்புக்காரன் பால்ராஜ், வடகவுஞ்சி ஆள், இதையெல்லாம் சொல்லிக் கேலி செய்வான். எதிர்ப்படகுக்காரர்களுக்கு வீடு வாசல் எதையும் காட்டவில்லையே என்று கேட்டவனும் அவன்தான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படத்தில் ஒல்லியாக ஒருவன் வருவான். நெஞ்சில் ஏதோ கோளாறு. அவனை இறக்கிவிடச் சொல்வார்கள், தலைவன் மாட்டேன் என்பான். நோஞ்சானை வைத்துக்கொண்டே ஜெயிப்பான். படகு முடிவுக் கோட்டைத் தொட்டதும் கேசட் முடிந்துவிடும். அந்த ஒல்லிக்காரனுக்கு நாங்கள் வேலுச்சாமி என்று பேர் வைத்திருந்தோம்.

2. நாலு பேர் போதும்

நிஜ வேலுச்சாமி என் படகில் கடைசிப் பலகை. கவுஞ்சி கிராமத்திலிருந்து வந்தவன். பனி இறங்கினால் அவனுக்கு மூச்சிழுப்பு.

சீசன் முடிகிற வாரம் படகுக் காண்டிராக்டர் எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டார். மழைக்காலத்துக்கு நாலு பேர் போதும், இரண்டு படகும் போட்டி போடுங்கள், ஜெயிக்கிற நாலு பேருக்கு வேலை என்றார். அவருக்கு அது வேடிக்கை, டூரிஸ்ட் கூட்டம் கூடும். எங்களுக்கு மழைக்காலத்தில் மலைமேல் வேறு வேலை கிடையாது.

வேண்டுமானால் வேலுச்சாமிக்குப் பதில் வேறு ஆளைப் போட்டுக்கொள் என்று அவரே எனக்குச் சொன்னார். போட்டிக்கு முந்தின நாள் வேலுச்சாமியும் வந்தான்.

“அண்ணே, என்னைய விட்ருங்க. ரெண்டு நாளா இளைக்குது. நீங்க மூணு பேராச்சும் வேலையில நில்லுங்க.”

“ஏலே, படத்துல பாத்தேல்ல? அந்தத் தலைவன் விட்டானா? இருந்தா நாலு பேரும் இருப்போம், போனா நாலு பேரும் போவோம்.”

சரி என்று படகைத் துடைக்கப் போனான். அன்றைக்கு என்மேல் எனக்கே ஒரு பெருமை. நாசமாய்ப் போன பெருமை. அவன் தன் உடம்பைப் பற்றிச் சொன்னான், நான் கார்ட்டூனைப் பற்றிப் பதில் சொன்னேன்.

3. மிதவை வரை

துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். முதல் துடுப்பு நான். என் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். மற்ற மூவரும் எனக்குப் பின்னால், கடைசியில் வேலுச்சாமி. நடுவில் இருந்த இருவருக்கும்கூட அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தான். எங்கள் படகில் அவன் முகம் யாருக்கும் தெரியாது.

போட்டியில் பாதித் தூரத்தில் பால்ராஜ் படகு எங்களை முக்கால் படகு முந்திவிட்டது. அதனால் பால்ராஜ் உட்கார்ந்த பலகை வேலுச்சாமி பலகைக்கு நேர் பக்கத்தில் வந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் படகு கனத்தது. விடாதே, போடு போடு என்று கத்தி, வேகத்தைக் கூட்டினேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து பால்ராஜ் குரல் வந்தது.

“செபஸ்தி, நிறுத்துப்பா. ஒன் ஆளத் திரும்பிப் பாரு.”

தந்திரம் என்று நினைத்தேன். முந்திவிட்டவன் எதற்குத் தந்திரம் செய்ய வேண்டும் என்று யோசிக்க எனக்கு மூச்சு இல்லை. கார்ட்டூனில் யோசிக்க நேரம் கொடுப்பான், ஏரியில் கொடுக்க மாட்டார்கள். பால்ராஜ் மறுபடியும் கூப்பிட்டான். பிறகு அவர்கள் படகு பின்தங்கி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாலு துடுப்பையும் தண்ணீருக்கு மேலே தூக்கியிருந்தார்கள். நாலு பேரும் எங்கள் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். களைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எல்லை மிதவையில் படகு முட்டும் வரை நான் நிறுத்தவில்லை.

ஜெயித்துவிட்டோம். கரையில் கை தட்டினார்கள். திரும்பினேன். வேலுச்சாமி மடங்கிக் கிடந்தான், உதடு நீலமாக இருந்தது. அவன் துடுப்பு தண்ணீரில் சும்மா இழுபட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரைதான் உயிர் இருந்தது. 

4. பால்ராஜ் கேட்டது

காண்டிராக்டர் சொன்ன சொல் தவறவில்லை. எங்கள் மூவருக்கும் வேலை கொடுத்தார். நாலாவது இடத்துக்குப் பால்ராஜைக் கூப்பிட்டார். கூட இருந்த மூவரை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவன் மலையிறங்கிவிட்டான். நான் வசனமாகப் பேசியதை அவன் வசனம் இல்லாமல் செய்துவிட்டுப் போனான்.

அந்த மழை முழுக்க நான் துறையில் படகுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். வேலுச்சாமியின் மனைவி கவுஞ்சிக்கே திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. என்னவென்று சொல்லிப் பார்ப்பது?

அடுத்த சீசனில் அந்த விதியைப் போட்டேன். கடைசிப் பலகைக்காரன் எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண்ணிக்கை நின்றால் முதல் துடுப்பு நிற்க வேண்டும், பந்தயமானாலும் சரி. இருபத்தாறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதற்கும் ஓர் ஆளைக் காவு கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பால்ராஜைப் பார்த்தேன். லாரியிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவன்தான் டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டான். கிளம்பும்போது தயங்கித் தயங்கி அதைக் கேட்டான்.

“அன்னிக்கு நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலையோன்னு நெனச்சுக்கிட்டே கெடக்கேன், செபஸ்தி. இன்னும் சத்தமாக் கூப்பிட்டிருக்கணுமோ?”

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவன் காலத்துக்கும் அதை நினைத்துக்கொண்டு கிடந்திருப்பான்.

“கேட்டுச்சு” என்றேன். “ரெண்டு தடவையும் கேட்டுச்சு.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு லாரிப் பக்கம் போனான். இன்னும் பாதி மூட்டை இறக்க வேண்டியிருந்தது.