கைப்பை தொங்கிய கம்பி

சாமான் ஏற்றும் கெப் வண்டி வாங்கும்போது, பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் டூ வீலா, நாலும் இழுக்கும் ஃபோர் வீலா என்று வீட்டில் பெரிய இழுபறி. "நம்ம கெலிஓயா கடைக்கு மரக்கறி ஏத்த டூ வீல் போதும் மச்சான்" என்றார் மனைவியின் அண்ணன். நான் கேட்கவில்லை. ஃபோர் வீலையே வாங்கி, ஒரு வருடமாக அவருடைய டூ வீல் வண்டியைக் கண்டபோதெல்லாம் நக்கலடித்தேன்.

போன மழையில் மனைவியோடு தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் ஏறினேன். பாதி மேட்டில் பின்சக்கரங்கள் சேற்றில் சுற்ற, வண்டி பள்ளத்துப் பக்கம் வழுக்கியது. பிரேக்கை மிதித்தேன், ஹாரன் அடித்தேன், எதற்கென்று தெரியாமல் வைப்பரையும் போட்டேன். கதிர்காமத்து முருகனுக்கு மொட்டை போடுவதாகக் கத்தியே நேர்ந்தேன். என் தலையில் முடியே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, பாதையோரக் கல்லில் முட்டி நின்றது.

"கத்தாதீங்க, நான் எறங்குறேன்" என்று மனைவி கைப்பையை எடுத்தாள். கியருக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கம்பியில்தான் அது எப்போதும் தொங்கும்.

"இதுல நாலுன்னு போட்டிருக்கே, எதுக்குங்க?"

ஃபோர் வீலைப் போடும் கம்பி அதுதான். நாலு சக்கரமும் தானாக இழுக்கும் என்று நினைத்து, ஒரு வருடமாக டூ வீலில்தான் ஓட்டியிருக்கிறேன்! கம்பியைத் தள்ளினேன், வண்டி ஏறிவிட்டது.

இப்போதெல்லாம் மேடு தொடங்குமுன்பே நிறுத்தி, கம்பியைப் போட்ட பிறகே ஏறுகிறேன். பை மனைவியின் மடியில் இருக்கிறது. மச்சான் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.