ஓடு கழற்ற முடியாத இடம்

போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரில் ஒருவனுக்குத் தச்சுவேலை தெரியாவிட்டால் கொல்லுவேலையாவது தெரிந்திருக்கும். றிக்கி தச்சன். அவன் செய்த கதவைச் சாத்தினால் நிலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கடுதாசி நுழையாது. இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். சந்தேகப்படுகிறவர்களுக்காகச் சட்டைப்பையில் கடுதாசியும் வைத்திருப்பான்.

2004 டிசம்பர், நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் கடலோரம் டச்பாரில் இருந்த அவன் வீட்டுக்குள் கடல் வந்தது. மனைவி மேபலும் அவன் தங்கை டெனீசும் பின்னறையில் இருந்தார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும் கதவு. வெளியே நின்ற தண்ணீர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. யன்னலால் வந்த தண்ணீர் கழுத்துவரை ஏறியது. பக்கத்து வீட்டு வில்லியம் கூரையில் தொற்றி, ஓடுகளைக் கழற்றி, மேபலை மேலே தூக்கினார். டெனீசுக்காக மறுபடி கை நீட்டியபோது அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அந்தக் கதவு றிக்கி தன் கையால் செய்தது. பிறகு அவன் கடுதாசிப் பேச்சை எடுத்ததில்லை.

பிறகு நாவற்குடாவில் யாரோ வெளிநாட்டார் அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு மூன்று முதிரை மரக் கதவுகள் செய்து போட்டான். மூன்றிலும் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டான். பார்த்தவர்கள் றிக்கிக்குக் கண் மங்கிவிட்டது என்றார்கள். அவன் மறுக்கவில்லை.

2006 நடுப்பகுதியில் அரபு நாட்டு நகரம் ஒன்றில் தச்சுவேலை கிடைத்தது. கதவு யன்னல் வேலைதான் என்று முகவர் சத்தியம் செய்தார். புறப்படும் நாளில் மேபல் ஒரே ஒரு வாக்குக் கேட்டாள்.

“ஓட்டக் கழட்டேலாத இடத்தில நிக்கப்படாது. சொல்லு மாறினீங்க எண்டா, பிறகு என்னத் தேடி வரவேணாம்.”

“ஓம்” என்றான் றிக்கி. அவள் சும்மா மிரட்டுகிறவள் அல்ல. அவள் போய்விட்டால் தனக்கென்று யாருமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

விமானத்தால் இறங்கிய மூன்றாம் நாள் அவனை ஒரு பெரிய தெருவுக்குக் கீழே எட்டு மீற்றர் ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ரயிலுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். ஓடு கழற்றலாம் என்றால் முதலில் தெருவைக் கழற்ற வேண்டும். கடவுச்சீட்டு கம்பனியிடம் இருந்தது. ஒப்பந்தம் மூன்று வருடம்.

வேலை இதுதான். ஒரு மீற்றர் தோண்டுவது, உடனே இரும்பு வளைவு ஒன்றை நிறுத்துவது, குழாயால் கொங்கிறீற் பீச்சுவது. அது இறுகும்வரை மரமுட்டுக் கொடுத்துத் தாங்குவது. மேலே பேருந்துகள் ஓடிக்கொண்டேயிருக்கும். தெரு இருபது மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் எல்லாருக்கும் வீடு போகச் சீட்டு.

முதல் நாள் றிக்கி ஆறு முட்டுகளை அச்சொட்டாக அளந்து வெட்டினான். சீவுளி போட்டான். அரத்தாளும் போட்டான். நிறுத்தியபோது கடுதாசி நுழையாது. அடுத்த நாள் காலை தெரு எட்டு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. முட்டுகளில் இரண்டு நெடுக வெடித்திருந்தன, மற்ற நாலும் எதையும் தாங்காமல் அழகாக நின்றன.

மேற்பார்வை செய்தவர் மண்டூர்க் கதிர்காமத்தம்பி. ஊரில் கிணறு வெட்டியவர், பிறகு செல்லடிக்குப் பதுங்க ஊருக்கே பங்கர் வெட்டியவர். அவர் அந்த முட்டுகளில் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

“கலியாண வீட்டுக்கா தம்பி இத செய்தாய்?”

“அளவு சரிதானே அண்ணன்.”

“ஒன்ட அளவு சரி. மண்ணு அசையும். கொஞ்சம் கட்டையா வெட்டு, மிச்ச இடத்துக்கு ஆப்பு அடி. ஒவ்வொரு நாளும் காலையில சுத்தியலால தட்டிப் பாரு. கணீரெண்டா சுமக்குது. பொத்தெண்டா இறுக்கு.”

வெள்ளிக்கிழமைகளில் மேபலுடன் தொலைபேசியில் பேசுவான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“மேல என்ன கூரை?”

“ஓடுதான்.”

பிறகு வேலையைப் பற்றிக் கேட்பாள். பொய்யாக எவ்வளவு நேரம்தான் பேசுவது? அதனால் சுரங்கத்தில் கற்றதையெல்லாம் கதவுநிலைக் கணக்கில் சொன்னான். நிலையைக் கட்டையாக வெட்டவேண்டும், ஆப்பு இரண்டை எதிரெதிராக அடிக்கவேண்டும், காலையில் தட்டிப் பார்க்கவேண்டும், மேலே பாரம் ஏற ஏற இறுக்கவேண்டும். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்பாள். அவளுக்குத் தச்சுவேலையில் இவ்வளவு ஆர்வம் இருந்தது அவனுக்கு அதுவரை தெரியாது.

2007 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பேச்சுக்கு நடுவில் ‘டும் டும்’ என்று கேட்டது.

“என்ன சத்தம்?”

“மண்டூர்க் கோயில் திருவிழா. வெடி கொளுத்திறாங்க.”

பக்கத்துக் கட்டிலில் கதிர்காமத்தம்பி கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மேபலின் குரல் அவருக்கும் கேட்டிருந்தது. தொலைபேசியை வைத்ததும் நிமிர்ந்தார்.

“எங்கட திருவிழா ஆவணியில. அந்த வெடி நாவற்குடாவுக்குக் கேட்டதா நான் அறியல்ல.”

கேட்டது செல்லடி என்று விளங்கியதால் அந்தக் கிழமை றிக்கி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் அவளிடம் கேட்கவுமில்லை. கேட்டால் அவளும் கேட்பாள்.

யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது சுரங்கத்தின் கடைசி வளைவுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதிர்காமத்தம்பியின் தம்பி எங்கே இருக்கிறான் என்பது இரண்டு வருடமாகத் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை. அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆப்புகளைத் தட்டப் போனார்.

2009 ஆவணியில் றிக்கி வீட்டுக்கு வந்தான். வாசலில் கதவு இல்லை. சேலை தொங்கியது. உள்ளறைகளிலும் சேலைதான்.

“கதவெல்லாம் எங்க?”

“கதவு செய்யிற மனுசன் வாறார்தானே” என்றாள் மேபல், தேத்தண்ணியை நீட்டியபடி.

கிணற்றடிக்குப் போனபோது வேலியோரம் ஒரு மேடு கண்ணில்பட்டது. மேலே பயிற்றங்கொடி படர்ந்திருந்தது. பக்கத்தில் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வாய். பங்கர் என்று றிக்கிக்குப் புரிந்துவிட்டது. இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் ஊறும் மண் அது. அதனால் மீதி உயரத்துக்கு மண்மூட்டை அடுக்கியிருந்தாள். கூரையாக அவனுடைய மூன்று முதிரைக் கதவுகளும் கிடந்தன. கீழே ஆறு தென்னங்குற்றிகள் முட்டுக் கொடுத்து நின்றன. ஒவ்வொரு குற்றியும் கொஞ்சம் கட்டையாக வெட்டியிருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் எதிரெதிராக இரண்டு ஆப்பு.

மேபல் பின்னால் வந்து நின்றாள்.

“ஆரு வெட்டின?”

“நான்தான். நீங்கதானே வெள்ளிக்கு வெள்ளி சொல்லித் தந்தீங்க.”

“நான் சொன்னது கதவுநிலைக்கு.”

“காலையில ஒவ்வொண்டாத் தட்டிப் பாக்கிற கதவுநிலை எந்த ஊரில றிக்கி இரிக்கு? எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும்.”

மூன்று வருடமாக றிக்கி பயந்த பேச்சு இதுதான்.

“தெரிஞ்சும் ஏன் வரச்சொல்லல்ல?”

“வந்தா இஞ்ச செல்லடிக்குள்ள நிக்கணும். அங்க ஆப்பாவது இரிந்திச்சு.”

அவன் கதவுகளைப் பார்த்தான். கழற்ற ஓடு ஒன்றும் அங்கே இல்லை.

“இதுக்குள்ள நீ எப்படி இரிந்த?”

மேபல் பயிற்றங்கொடியில் முற்றிய காய் ஒன்றைப் பிடுங்கினாள்.

“நீங்களும் மண்ணுக்குள்ளதான் இரிக்கீங்க எண்டு நினைச்சிக் கொண்டு இரிந்தன்.”

றிக்கிக்கு அழுகை வந்தது, அழுதான். பிறகு சுத்தியலைக் கேட்டான். அது பங்கருக்குள்ளேயே கை எட்டும் இடத்தில் தொங்கியது. குனிந்து நுழைந்து ஒவ்வொரு முட்டாகத் தட்டினான். ஐந்து கணீரென்றன. ஆறாவது சற்றுத் தளர்ந்திருந்தது. யுத்தம் முடிந்து மூன்று மாதமாகியும் அதை நன்றாக இறுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தான்.