சரியாகக் கால் நாளா?

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரைப் பார்த்து ஒரு விஷயத்தைத் தானாகவே கண்டுபிடித்தாள். ஒரே தேதி வருடத்துக்கு வருடம் ஒரு கிழமை தள்ளிப்போகிறது. சில வருடங்களில் மட்டும் இரண்டு கிழமை தாண்டுகிறது. பழைய காலண்டர் தாள்களை நான் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்து வைப்பது வழக்கம். டப்பாக்களை நகர்த்திவிட்டு அதையெல்லாம் படித்திருக்கிறாள். கொஞ்ச நாளில் எந்தத் தேதியைக் கேட்டாலும் கிழமை சொன்னாள்.

ஏன் தாண்டுகிறது என்று கேட்டாள். பூமி சூரியனைச் சுற்றி வர முந்நூற்று அறுபத்தைந்தே கால் நாள் ஆகிறது, அந்தக் கால் நாட்களைச் சேர்த்துத்தான் பிப்ரவரியில் ஒரு நாள் கூடுகிறது என்றேன். பி.காம். படித்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"சரியா கால் நாளாம்மா? கொஞ்சம்கூட கொறையாதா?"

போனில் தேடினேன். புள்ளி வைத்து நீளமாக ஒரு எண் வந்தது. அதை ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. ஃபீஸ் கட்டிப் பள்ளியில் சேர்த்திருக்கிறோமே, அவர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று ஆவடியில் அவள் படிக்கும் பள்ளிக்கே போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும் மேடம்" என்றார் வகுப்பு ஆசிரியை. ஆனால் தன் பிறந்த தேதியைச் சொல்லிக் கிழமை கேட்டார். மகள் சொன்னாள். அந்த அம்மாள் அவளைக் கையோடு பிரின்சிபல் அறைக்கு அழைத்துப் போனார். பிரின்சிபல் தன் கல்யாணத் தேதியைக் கேட்டார். அதற்கும் சொன்னாள்.

"கிஃப்டட் சைல்ட் மேடம். இனிமே இவ எங்க பொறுப்பு. என்ன சப்போர்ட் வேணுமோ நாங்க பண்றோம்."

தனியாக ஒரு ஆசிரியர் போடுவார்கள், நாலு புத்தகம் கொடுப்பார்கள் என்று நம்பினேன். அவர்கள் ஃபிளெக்ஸ் போட்டார்கள். பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்கு என் மகள், தலைக்கு மேல் 'அட்மிஷன் நடைபெறுகிறது'. என் கணவர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். "எம் பொண்ணு எம்மாம் பெருசா கீறா பார்த்தியா" என்று என்னிடமும் காட்டினார்.

அட்மிஷன் சமயத்தில் பிள்ளையைச் சேர்க்க யார் வந்தாலும், ஆயாம்மா வகுப்புக்கு வந்து இவளை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப் போவார். வெள்ளானூரிலிருந்து, கொரட்டூரிலிருந்து என்று வருகிறவர்கள் தங்கள் பிறந்த நாளைச் சொல்வார்கள். இவள் நின்றபடியே கிழமை சொல்வாள். அவர்கள் கைதட்டுவார்கள், பிரின்சிபல் சாக்லேட் கொடுப்பார். பூம்பூம் மாட்டுக்காவது தெருத்தெருவாகப் போகிற சுதந்திரம் உண்டு.

பிரின்சிபலிடம் போய்ச் சண்டை போட்டேன். "அவ கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னீங்களா?"

"இன்னும் என்ன மேடம் பண்றது? வாசல்ல போட்டோவே வச்சிருக்கோம்." அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வாரம் பிரின்சிபலே போன் செய்தார். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தகப்பனாருக்குத் தப்பான கிழமை சொல்லிவிட்டாளாம். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் தப்பாம். "கான்சென்ட்ரேஷன் போயிடுச்சு மேடம். வீட்ல மொபைல் குடுக்கறீங்களா?"

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வரும்போது மெதுவாகக் கேட்டேன்.

"மறந்து பூட்சாடி?"

"இல்லம்மா. வேணும்னேதான் தப்பா சொன்னேன். சயின்ஸ் மிஸ் காந்தம் எட்த்துனு வந்தாங்க. எல்லாரும் தொட்டுப் பார்த்தாங்க. நான் மட்டும் ஆபீஸ் ரூம்ல நின்னுகினு இருந்தேன்."

அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். ஒரு காந்தத்தைத் தொட என் பிள்ளை முட்டாளாக நடிக்க வேண்டியிருந்தது.

ஃபிளெக்ஸில் இப்போது வேறு ஒரு பையன் இருக்கிறான், உலக நாடுகளின் தலைநகரங்களைச் சொல்வானாம். இவளை யாரும் கூப்பிடுவதில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரிந்தவுடன் கிள்ளி மாலை கட்டிவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, விட்டது சனி, இனிமேல் நானே கற்றுத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். வேலைக்கு ரயிலில் போகவர, தமிழில் இருந்த வீடியோக்களைப் புரிகிறவரை திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் சந்தேகப்பட்டது சரி. முழுக் கால் நாள் இல்லை, சில நிமிடங்கள் குறைகின்றன. அந்தக் குறை சேர்ந்துகொண்டே போவதால்தான், நூற்றாண்டு முடியும் சில வருடங்களில் பிப்ரவரிக்கு அந்தக் கூடுதல் நாளைக் கொடுப்பதில்லை. ஏழு வயதில் அவளுக்கே தோன்றியது இது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். காலண்டரைக் கழற்றி எடுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கால் நாள் கேட்டியே, ஞாபகம் வச்சுகீறியா?"

பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று, கவுனை இழுத்து நேராக்கிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"யாரும்மா வந்துகீறாங்க?"