லங்காஸ்டர் தாழப் பறந்தபோது

2006ஆம் ஆண்டு கோடைகாலம். மொன்றியலில் ரொக்ஸ்பரோ பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலமும் பிரெஞ்சும் வேலைக்குப் போதுமான அளவுதான் வரும். அதனால் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை.

அங்கிருந்த எண்பது தாண்டிய கிழவர் ஒருவருக்கு ஏனோ என்னைப் பிடித்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தில் போனவர். நான் தரை துடைக்கும்போதெல்லாம் கைகளை விரித்து அதைப் பற்றியே சொல்வார். நாலு எஞ்சின், ஏழு பேர். இவர் மட்டும் வால் நுனியில், கண்ணாடிக் கூண்டுக்குள், துப்பாக்கியோடு பின்பக்கம் பார்த்தபடி. கனடாவில் கட்டிய லங்காஸ்டர்களில், தொழிற்சாலைப் பெண்கள் அடித்த ஆணிகள்தான் அதிகமாம். திரும்பி வராத சிநேகிதர்களைச் சொல்லும்போது மட்டும் கைகள் மடிக்கு வந்துவிடும்.

நான் தலையாட்டுவேன். ஊரில் யுத்த காலத்தில் விமானங்கள் போட்ட குண்டுகளுக்குக் கீழே கிடந்தவன் நான் என்று சொன்னதில்லை. அவருடைய சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

அந்தக் கோடையில் ஆற்றுக்கு அப்பால் ஒரு சிறிய விமான நிலையத்துக்கு, பறந்து காட்டுவதற்காகப் பழைய லங்காஸ்டர் ஒன்று வந்தது. தன் சக்கர நாற்காலியை நான் தள்ளினால்தான் பார்க்கப் போவேன் என்று கிழவர் பிடிவாதம் பிடித்தார். அவருடைய மகளும், இல்லத்தில் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியும் கூட வந்தார்கள்.

விமானம் மேலெழும்பி, திரும்பி, எங்கள் தலைக்கு நேரே தாழ வந்தது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியதும் நான் யோசிக்கவில்லை. பங்கர், அதாவது பதுங்குகுழி, இல்லாத இடத்தில் விமானம் வந்தால் குப்புற விழ வேண்டும். அது எங்கள் உடம்புக்குப் பழகிப்போனது. கிழவரை நாற்காலியிலிருந்து இழுத்துப் புல்லில் போட்டு, அவருக்கு மேலே கவிழ்ந்து படுத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தால், சுற்றிலும் கமராவோடு ஆட்கள்.

“ஐயோ அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்! மனுசன்ர இடுப்பு முறிஞ்சால்?” என்றாள் யாழ்ப்பாணத்துப் பெண்.

கிழவரின் முழங்கையில் இரத்தம். மகள் கத்தினாள். என் வேலை இன்றோடு சரி என்பது மட்டும் விளங்கியது. ஆங்கிலத்தில் விளக்கத் தெரியாமல் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் திரும்பினேன்.

“நீ சொல்லு பிள்ளை. எங்கட ஊரில பிளேன் வந்தா இப்பிடித்தான் எண்டு சொல்லு.”

அவள் சொன்னாள். மகள் சத்தத்தை நிறுத்தினாள். கிழவர் எழும்பவில்லை. மல்லாந்து கிடந்து வானத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

“இவ்வளவு காலத்தில இந்தப் பிளேனைக் கீழ கிடந்து பாக்கிறது இதுதான் முதல் தடவையாம். அது திரும்ப வருதாம், தன்னைத் தூக்க வேண்டாமாம். உங்களையும் பக்கத்தில படுக்கட்டாம், அண்ணை.” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

படுத்தேன். விமானம் மறுபடி கடந்து போகும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

இல்லத்தில் என்மீது யாரும் முறைப்பாடு செய்யவில்லை. அடுத்த நாள் நான் தரை துடைக்கப் போனபோது, கிழவர் தன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுவைத்து, இனி நீ சொல் என்று சைகை காட்டினார். தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். அவர் அவசரப்படவே இல்லை. கூச்சக்காரன் என்றுதான் என்னை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்தால் நானும் கதைப்பேன் என்பதை அவரிடம்தான் அறிந்துகொண்டேன்.