வீட்டில் அடித்த அழைப்பிதழ்

"பிரிட்ஜ் ஓடுதோ? நிப்பாட்டும். கிணத்து மோட்டர்?"

குசினிப் பக்கம் இப்படிக் குரல் கொடுத்து, மனைவி தனுஷாவிடமிருந்து பதில் வந்த பிறகுதான் விஜிதரன் பிரிண்டரின் பொத்தானை அழுத்துவார். சூடேறும்போது அது இழுக்கிற மின்சாரத்தில் அறை விளக்கு மங்கி, கொஞ்சம் யோசித்து, பழைய வெளிச்சத்துக்கு வரும். வரும்வரை அவர் மூச்சு விடுவதில்லை. முதல் தாள் விழுந்ததும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு சரி. எழுத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

கிளிநொச்சிப் பக்கம் அக்கராயனில் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். நாற்பதைத் தாண்டிவிட்டார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். எந்த வாய்க்காலுக்கு எந்தக் கிழமை தண்ணீர், உர மானியத்துக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும், காலபோக விதைப்புக் கூட்டம் எப்போது என்று ஊரில் ஒட்டப்படுகிற கறுப்பு எழுத்து அறிவித்தல்கள் எல்லாம் அவருடைய முன்னறையில்தான் பிறக்கின்றன. நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட மேசை. அதில் லேசர் பிரிண்டர். அதன் மேல் தூசிக்கு ஒரு துவாய். துவாயை நீக்கியதும் உள்ளே டோர்ச் அடித்துப் பார்ப்பார். ஒருமுறை எறும்புகள் முட்டையும் குஞ்சுமாய்க் குடியிருந்தன. அவற்றை ஒரு பழைய தூரிகையால் கூட்டி வெளியேற்ற ஒரு பின்னேரம் முழுக்கச் செலவானது.

"முந்தி ஒரு கலர் மிசின் வைச்சிருந்தனான்" என்பார், கேட்காதவர்களிடமும். "மாதத்திலை ரண்டு தரம் அடிச்சால் மிச்ச நாளெல்லாம் இந்த வெக்கைக்கு மை காஞ்சு கிடக்கும். குடிச்ச மையிலை பாதி அதுக்கு வாய் கொப்புளிக்கத்தான் காணும்." அதை விற்றுவிட்டுக் கிளிநொச்சியில் இதை வாங்கினார். எங்கோ வெளிநாட்டு அலுவலகத்தில் பாவித்துக் கழித்தது. கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியாது. கடையில் ஒரு பக்கத்துக்கு இருபது ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் பேப்பரோடு சேர்த்தாலும் அதில் கால்வாசி வராது. "கலர் கண்ணுக்கு, கறுப்புக் காரியத்துக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டவர் முகத்தில் ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பார்.

டோனர் முடிந்துவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தால் நம்புவதில்லை. "அது கொம்பனிக்காரன்ரை கதை." கார்ட்ரிஜைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, சுளகில் அரிசி கொழிக்கிறவர் போல இடமும் வலமுமாய் ஆட்டுவார். இன்னும் ஒரு கிழமை ஓடும். மறுபடி ஆட்டுவார். ஆட்டியும் எழுத்து வெளிறினால்தான் போத்தல் தூள். சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, காற்று விழுந்த நேரம் பார்த்து முற்றத்தில் குந்தியிருந்து நிரப்புவார். தூள் பட்ட சட்டையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துவிடும் என்பது ஒரு வெள்ளைச் சட்டையைப் பறிகொடுத்துக் கற்றது. மாரி காலத்தில் பேப்பர் கட்டுகள் ஈரம் குடிக்காமல் அலுமாரியில் அவருடைய வேட்டிகளோடு படுத்திருக்கும். எதையும் இரண்டு பக்கமும் அடிப்பார். முடிந்தால் ஒரு பக்கத்தில் இரண்டு பக்கத்தைச் சுருக்கி அடிப்பார்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டும் இந்த மனிசன் என்னை முன்னுக்கும் பின்னுக்கும் பாத்தவர்" என்பார் தனுஷா. "அப்பவே யோசிச்சிருக்க வேணும்."

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. பேப்பர் விலை கைக்கு எட்டாத ஒரு வருடம், பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடிக்கக் கடைக்காரர்கள் கைவிரித்த நேரம், விஜிதரன் வீட்டு வாசலில் சைக்கிள்கள் நின்றன. "பேப்பரைக் கொண்டுவாங்கோ, மை என்ரை" என்றார். இரண்டைச் சுருக்கி ஒன்றாக்கி, முன்னும் பின்னுமாய், ஒரு வகுப்புக்கு வேண்டியதை அரைக் கட்டுப் பேப்பரில் முடித்துக் கொடுத்தார். மிச்சம் பிடிப்பது அவருக்குக் காசுக் கணக்கு மட்டுமில்லை. ஒன்று வீணாகாமல் போவதைப் பார்க்கையில் அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும்.

அந்த வெளிச்சத்தோடுதான், இரண்டு வருடத்துக்கு முன்னர், மகள் மேனுகா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அழைப்பிதழை அடிக்க உட்கார்ந்தார்.

அச்சகத்தில் கலர் கார்ட் குறைந்தது ஐம்பது அடிக்க வேண்டும் என்றார்கள். ஐம்பதோடு நிறுத்திக்கொண்டார். பொன்னெழுத்து, குத்துவிளக்கு, மயில், மகளின் படம் எல்லாம் இருந்தன. அவை பள்ளிக்கூட அதிபருக்கு, கமநல உத்தியோகத்தருக்கு, யாழ்ப்பாணத்திலிருக்கிற தனுஷாவின் ஆட்களுக்கு, அரிசி ஆலை வைத்திருக்கும் கதிர்காமநாதனுக்கு. மிச்சப் பேருக்கு வீட்டில். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தென்றால் செத்தவீட்டு அந்தியேட்டி அழைப்புப் போலிருக்கும் என்று அவருக்கும் தெரியும். மஞ்சள் தாள் வாங்கினார். குத்துவிளக்கு சாம்பல் நிறத்தில் விழுந்தது. ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் தானே விரலால் மஞ்சள் தொட்டு வைத்தார். அந்த வேலையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெளியாட்களுக்குக் கலர், வீட்டாட்கள்தானே, அவர்களுக்கு இது போதும். அக்காவுக்கு அழைப்பிதழே எதற்கு, அவா வீட்டுக்காரி, ஒரு மரியாதைக்குத்தானே என்றுகூட நினைத்தார்.

அக்கா ஜெகதீஸ்வரி வற்றாப்பளையில் இருக்கிறார். விஜிதரனுக்குப் பத்து வயது மூத்தவர். வெற்றிலைத் தட்டத்தோடு போய் மஞ்சள் தாளை நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடி போட்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"வடிவா விழுந்திருக்குடா எழுத்து. நீயே அடிச்சனியோ?"

"ஓம் அக்கா. வெளியிலை குடுத்திருந்தால் எவ்வளவு முடியும்."

"நல்லது. பிள்ளைக்குத் தண்ணி வாக்க நான் ரண்டு நாள் முந்தி வாறன். புதுச் செம்பு வேண்டிப் போடாதை, அம்மான்ரை செம்பைக் கொண்டாறன்."

தகப்பனின் உடன்பிறந்தவள் இருக்க, அந்தக் குடும்பத்தில் வேறொருத்தி தண்ணீர் வார்ப்பதில்லை. அக்கா சொன்னபடியே இரண்டு நாள் முந்தி வந்து இறங்கினார். பயற்றம் பணியாரம் சுட்டார், தேங்காய் துருவினார், தனுஷாவை ஏசினார், மேனுகாவின் தலைக்கு எண்ணெய் வைத்தார். சடங்குக்கு முதல் நாள் பின்னேரம் சமைக்கப் பெரிய கிடாரம் ஒன்று இரவல் வாங்க, கதிர்காமநாதன் வீட்டுக்குப் போனார்.

அங்கே கண்ணாடி அலுமாரிக்குள், கோப்பைகளுக்கு முன்னால், பொன்னெழுத்துக் கார்ட் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதிர்காமநாதனின் மனைவி அதை எடுத்தே காட்டினார். மருமகள் மேனுகாவின் படம் நல்லா வந்திருக்கென்று பாராட்டினார்.

அக்கா கிடாரத்தோடு திரும்பி வந்தார். இரவுச் சமையலுக்கு வெங்காயமும் உரித்துக் கொடுத்தார். விடிந்து, மேனுகாவைப் பலகையில் இருத்தி, "மாமியைக் கூப்பிடுங்கோ" என்று ஐயர் சொன்னபோதுதான், அவர் பந்தலில் விருந்தாளிகளுக்குப் போட்ட கதிரைகளில் கடைசி வரிசையில் இருப்பதை எல்லாரும் கண்டார்கள். பட்டுச்சேலை. மடியில் கைப்பை. கைப்பைக்கு மேல் நான்காய் மடித்த மஞ்சள் தாள்.

"அக்கா, வா. நேரம் போகுது."

"கிட்டின ஆக்கள் ஆரும் நிப்பினம். பாத்துக் கூப்பிடுங்கோ. நான் மஞ்சள் பேப்பர் ஆள்."

"என்ன அக்கா இது, ஆக்களுக்கு முன்னாலை..."

"வருகை தந்து சிறப்பிக்கச் சொல்லித்தானே அடிச்சிருக்கிறியள். வந்திருக்கிறன். சாப்பிட்டிட்டுத்தான் போவன்."

தண்ணீரைத் தனுஷாவின் தம்பி மனைவி வார்த்தார். அம்மாவின் செம்பு குசினியில், கொண்டுவந்த துணி அவிழ்க்கப்படாமல் இருந்தது. சொன்னபடி அக்கா பந்தியில் இருந்து சாப்பிட்டார். பாயாசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பிள்ளையின் கையில் ஒரு உறையைக் கொடுத்து, நெற்றியில் கொஞ்சி, மத்தியான பஸ்ஸுக்குச் செம்போடு நடந்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பிய விஜிதரனைப் பார்த்து, "உங்களுக்கேன் சிரமம்" என்றார். பிறந்ததிலிருந்து அவரை நீ என்றும் டா என்றும் கூப்பிட்ட வாய்.

அன்றிரவு தனுஷா பாத்திரங்களை அடுக்கியபடி சொன்னார். "இடம்பெயர்ந்து வரேக்கை தன்ரை உடுப்பு மூட்டையை எறிஞ்சுபோட்டு, உங்கடை சேட்டிபிக்கெற்றுகளைப் பொலித்தீனிலை சுத்தித் தலையிலை வைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளாலை நடந்த மனிசி. அவாக்கு அந்த ஐம்பதிலை ஒண்டு இல்லையே?"

"வீட்டாள் எண்டு நினைச்சன்."

"அதுதான் சொல்லுறன். வீட்டாளுக்குத்தான் முதல் குடுத்திருக்க வேணும்."

சடங்குப் படங்களின் அல்பம் வந்தது. முழுக்கக் கலர். அதற்குக் கொடுத்த காசில் ஊருக்கே பொன்னெழுத்துக் கார்ட் அடித்திருக்கலாம். மேனுகா அதை அடிக்கடி புரட்டுகிறாள். தண்ணீர் வார்க்கிற பக்கம் வந்ததும் இரண்டு தாளை ஒன்றாய்ப் பிடித்துத் திருப்பிவிடுகிறாள். தகப்பன் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

பிரிண்டரை அவர் விற்கவில்லை. அறிவித்தல்கள் இப்போதும் அங்கேதான் அடிக்கப்படுகின்றன, வினாத்தாள்களும். ஆனால் போன தையில், பக்கத்துக் காணி அழகம்மா பேரப்பிள்ளையின் காதுகுத்துக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தபோது அவர் துவாயைத் தொடவேயில்லை. அழகம்மாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. பேச்சில் மட்டும் தேயிலைத் தோட்டத்து வாசம் போகவில்லை.

"டோனர் இல்லை அழகம்மாக்கா. கிளிநொச்சிக்குப் போய்க் கலரிலை அடியுங்கோ."

"காலையில தண்ணி நோட்டீசு அடிச்சீங்களே தம்பி, சத்தம் கேட்டுச்சே."

"அதோடை முடிஞ்சுது."

"நம்ம வீட்டுக்கு வாறவங்க சோத்தப் பாப்பாங்களா, கார்டப் பாப்பாங்களா?"

"கார்டைப் பாப்பினம்" என்றார் விஜிதரன். "நல்ல காரியத்தை இதிலை அடியாதேங்கோ."

அழகம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். நன்றாக இருந்த மனிதனுக்குப் பெரிய இடத்துப் புத்தி வந்துவிட்டதென்று வேலியோரம் யாரிடமோ சொன்னதும் அவர் காதில் விழுந்தது.

அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லாமலில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாதது. தொலைபேசி எடுத்தால் எடுக்கிறார். பிள்ளையின் படிப்பைக் கேட்கிறார். விளைச்சலைக் கேட்கிறார். எல்லாம் நீங்கள், வாங்கோ. "ஏசினா எண்டால் நல்லா இருக்கும்" என்று விஜிதரன் ஒருநாள் வரம்பில் நின்று தனுஷாவிடம் சொன்னார். "ஏசுறா இல்லை."

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போவது அவர் வீட்டில் விட்டுப்போகாத வழக்கம். போகிற வழியில் அக்கா வீடு. முன்பென்றால் பின்பக்கத்தால் நேரே குசினிக்குள் புகுந்து, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, சட்டியில் கிடப்பதை எடுத்து வாயில் போடுவார். "கையைக் கழுவடா மாடு" என்று அக்கா அகப்பையை ஓங்குவார். சென்ற வருடம் முன்வாசலில் வரவேற்பு; தட்டில் பிஸ்கட், சோசரோடு தேத்தண்ணி.

இந்த வருடம் மனைவியையும் மகளையும் முன்னறையில் விட்டுவிட்டு, அவர் கேட்காமலே உள்ளே நடந்தார். அக்கா அடுப்படியில் நின்றார். விஜிதரன் பழைய இடத்தில், விறகுக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில் இருந்தார்.

"அக்கா."

"சொல்லுங்கோ."

"நான் செய்தது பிழை. என்னை ஒருக்கா ஏசு."

தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்தது. அக்கா கேத்திலை இறக்கி வைத்தார். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுத்துத் தணித்தார்.

"உங்களை நான் ஏன் ஏசப்போறன்?"

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. குசினி வாசல் ஒடுக்கம். கதிரையைச் சரித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதைத் தம்பியின் பக்கத்தில் வைத்து, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார்.

"நிலம் ஈரம். இதிலை இருங்கோ."

விஜிதரன் நிலத்தில் கையூன்றி எழுந்து, கதிரையில் இருந்தார்.