ஸ்டெல்லா வீட்டு வெள்ளை விரிப்பு

நேற்று ஹோட்டல் அறையின் வெள்ளைப் படுக்கை விரிப்பிலிருந்து சொட்டுநீல வாசனை எழுந்ததும், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் அத்திப்பட்டுக் குடியிருப்பும், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மேல் எனக்கிருந்த பொறாமையும் சேர்ந்தே எழுந்தன.

கொடியில் காய்பவற்றின் மேலெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும் என்பதால், அங்கே எல்லோரும் அடர்நிற விரிப்புகளையே வாங்கி, மழை பெய்து காற்று அடங்கிய மறுநாள்தான் துவைப்பார்கள். ஸ்டெல்லாவின் அம்மா மட்டும் வாராவாரம் வெள்ளை விரிப்பைத் துவைத்து, வீட்டுக்குள் கயிறு கட்டி, ஃபேன் காற்றில் காயவைப்பார். எங்கள் விரிப்பிலோ, கரி இறக்கும் அப்பாவின் தலையும் தோளும் நிழலாகப் படிந்திருக்கும்.

சின்ன வயதில் ஒருநாள், அந்த வெள்ளையில் ஒருமுறை படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"கால கழுவிக்கினு வாடி" என்றார் ஸ்டெல்லாவின் அம்மா.

குழாயடியில் தேய்த்துக் கழுவி, முற்றத்தைக் கடந்து வருவதற்குள் ஈரக் காலில் சாம்பல் அப்பிக்கொண்டது. மறுபடி கழுவினேன், மறுபடியும் அப்படியே.

"இன்னாடி, பூன மாதிரி தடம் வச்சிக்கினே வர்ற? பாய்லயே குந்து."

ஸ்டெல்லாவும் கால் கழுவினாள். அவள் அப்பா அவளைத் தூக்கிவந்து நேராகக் கட்டிலில் இறக்கினார். அவள் காலை ஆட்டியபடி, "உங்க நைனாவ தூக்கினு வரச் சொல்லேன்" என்றாள்.

அப்பா ஷிப்டில் இருந்தார். வந்து தூக்கினாலும் அவர் கையெல்லாம் கரியாகத்தான் இருந்திருக்கும்.

நேற்றும் கால் கழுவிவிட்டுத்தான் படுக்கப்போனேன். டைல்ஸ் தரையில் நடந்துவந்த பாதத்தில் ஒரு தூசியும் இல்லை. ஸ்டெல்லா நடக்கவே வேண்டியிருக்கவில்லை என்ற எரிச்சல் மட்டும், படுத்த பிறகும் தணியவில்லை.